துப்பாக்கிக்கு டோக்கன்

சிவகாசியில் அச்சாகி வந்த லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அரிசோனா சொந்த ஊர் மாதிரி. கள்ளிச்செடி, புழுதி, ஒரே ஒரு தெரு. தெருவின் இரண்டு முனைகளிலும் காலை அகட்டி நிற்கும் இரண்டு பேர். ஆளுக்கொரு ரிவால்வர். யாரும் யாரிடமும் பெர்மிட் கேட்டதாக எந்தக் கட்டத்திலும் படம் போட்டதில்லை.

அமெரிக்காவில் சட்டசபைக்குப் போகிறவர்களும் இதே காமிக்ஸைத்தான் படித்திருப்பார்கள் போலிருக்கிறது. 2024 கணக்குப்படி 50 மாநிலங்களில் 29-ல் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக எந்தப் பெர்மிட்டும் வேண்டாம். பழைய குற்றவாளிகள் போன்ற சிலருக்கு மட்டும் தடை. அரிசோனாவும் அந்த 29-ல் ஒன்று. அங்கே ஏரிக்கரையில் உட்கார்ந்து தூண்டில் போட லைசென்ஸ் வேண்டும். மீன்களின் நலனில் அரசுக்கு அக்கறை உண்டு.

இந்தச் சட்டங்கள் வரும்போதெல்லாம் இரண்டு கோஷ்டிகள் மோதிக்கொள்ளும். பழைய மேற்கின் சுதந்திரம் திரும்பிவிட்டது என்பார் ஒருவர். பழைய மேற்கின் காட்டுமிராண்டித்தனம் திரும்பிவிட்டது என்பார் இன்னொருவர். இருவருக்கும் சேர்த்து ஒரு கெட்ட செய்தி இருக்கிறது. பழைய மேற்கின் பல ஊர்களில் நுழைந்தால் துப்பாக்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். கோயில் வாசலில் செருப்புக்கு வாங்குவோமே, அந்த மாதிரி.

கதை விடவில்லை. கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில், ரிவால்வரைப் போலீஸ் அலுவலகத்தில் விட்டுவிட்டு டோக்கன் பெற்றுக்கொள்ளவும் என்று பலகையே வைத்திருந்தார்கள். பக்கத்து டாட்ஜ் சிட்டியில் 1870-களின் கடைசியில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. தெரு நடுவே பெரிய பலகை: ஆயுதம் எடுத்துச் செல்வது கண்டிப்பாகத் தடை. அதே பலகையில் கீழே ‘பிரிக்லி ஆஷ் பிட்டர்ஸ்’ என்ற கசப்பு டானிக்குக்கு விளம்பரம். சட்டமும் ஒழுங்கும் வழங்குபவர் டானிக் கம்பெனி. ஸ்பான்சர் பிடிக்கும் கலையை ஐபிஎல்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைப்பது தவறு.

மாடு ஓட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் வந்த பையன்களுக்கு மூன்று மாதச் சம்பளம் கையில். குடி, சூது, கூத்து எல்லாம் ஒரே தெருவில். அவர்கள் இடுப்பில் துப்பாக்கியும் இருந்தால் கடைக்காரருக்கு வியாபாரம் எப்படி நடக்கும்? தடை கொண்டுவந்தவர்கள் காந்தியவாதிகள் இல்லை. கல்லாப்பெட்டிக்காரர்கள்.

இனி டூம்ஸ்டோனுக்குப் போவோம். உண்மையான கூத்து அங்கேதான்.

அரிசோனா வனாந்தரத்தில் எட் ஷீஃபெலின் என்ற ஒருவர் வெள்ளி தேடி அலைந்தார். அங்கே உனக்குக் கிடைக்கப்போகும் ஒரே கல் உன் கல்லறைக் கல்தான் என்று ராணுவத்தில் இருந்த நண்பர் எச்சரித்தாராம். 1877-ல் வெள்ளி கிடைத்தது. மனிதர் பழியை மறக்காமல் சுரங்க உரிமைக்குக் கல்லறைக்கல், அதாவது டூம்ஸ்டோன், என்றே பெயர் வைத்தார். ஊருக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அங்கே தொடங்கிய பத்திரிகைக்குப் பெயர் ‘எபிடாஃப்’: கல்லறை வாசகம். இப்படிப்பட்ட பெயர்ப்பொருத்தம் உள்ள ஊரில் நல்ல காரியம் நடக்கும் என்று எந்த ஜோசியரும் சொல்லியிருக்க மாட்டார்.

1881 ஏப்ரல் 19 அன்று அந்த ஊர் நகரசபை தன் 9-ஆம் எண் சட்டத்தைப் போட்டது. ஊர் எல்லைக்குள் துப்பாக்கியோ பெரிய கத்தியோ கொண்டு திரியக் கூடாது. ஊருக்குள் வருபவர் குதிரை லாயத்திலோ சலூனிலோ ஒப்படைத்துவிட வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்பும்போது, நல்லெண்ணத்தோடும் நியாயமான நேரத்துக்குள்ளும், எடுத்துக்கொண்டு போகலாம். சலூன் என்றால் நம்மூர் முடிதிருத்தகம் என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே அது சாராயக்கடை. குடிக்க வருபவனிடம் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, குடித்து முடித்ததும் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. ஓட்டை எங்கே என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நகர மார்ஷல் வர்ஜில் எர்ப். தம்பிகள் வயாட், மார்கன். இவர்களோடு சுற்றுபவர் டாக் ஹாலிடே. டாக் என்றால் டாக்டர்தான், பல் டாக்டர். காசநோய்க்காரர். பல் பிடுங்க வாயைத் திறந்து காத்திருப்பவர் முகத்துக்கு நேரே இருமுகிற டாக்டரிடம் யார் போவார்கள்? அதனால் சூதாட்டத்துக்கு வந்துவிட்டார். எதிர்க்கோஷ்டி கிளாண்டன்களும் மெக்லாரிகளும். பண்ணைக்காரர்கள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ஊர் அவர்களைக் கௌபாய் என்றது. அப்போது அந்த வட்டாரத்தில் அது மாட்டுத் திருடன் என்பதற்கு மரியாதையான சொல்.

அக்டோபர் 25 ராத்திரி ஐக் கிளாண்டனுக்கும் பல் டாக்டருக்கும் சாப்பிடும் இடத்தில் வாய்த்தகராறு. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விடிய விடிய ஒரு சீட்டாட்டம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள்: ஐக் கிளாண்டன், டாம் மெக்லாரி, மாவட்ட ஷெரீஃப் ஜானி பீஹன், நகர மார்ஷல் வர்ஜில் எர்ப். மறுநாள் மதியம் சுடப்போகிறவர், சுடப்படப்போகிறவர், தடுக்கத் தவறப்போகிறவர் எல்லோரும் ஒரே சீட்டுக்கட்டில் கைவைத்து ராத்திரி முழுக்க ஆடியிருக்கிறார்கள். வர்ஜில் ஆட்டம் முழுக்க மடியில் துப்பாக்கியை வைத்திருந்தார் என்று பிறகு ஐக் குறைப்பட்டுக்கொண்டார். அவர் மார்ஷல், வைத்துக்கொள்ளலாம். சட்டம் போட்டவர்கள் சட்டத்துக்கு வெளியே உட்காருவது உலக வழக்கம்.

விடிந்ததும் வர்ஜில் தூங்கப் போனார். ஐக் தூங்கவில்லை. ஒரு கையில் ரைஃபிள், இடுப்பில் ரிவால்வர், வயிற்றில் சாராயம் சகிதம் தெருத்தெருவாகப் போய், எர்ப் சகோதரர்களைக் கொல்லப்போவதாகக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அறிவித்தார். தேர்தல் பிரசாரம் தோற்றது. வர்ஜிலை எழுப்பிச் சொன்னார்கள். அவர் எழுந்து வந்து, பின்னால் போய் ரைஃபிளைப் பிடுங்கி, தன் ரிவால்வரால் ஐக்கின் மண்டையில் ஒரு போடு போட்டு, நேராகக் கோர்ட்டுக்கு இழுத்துப் போனார். ஊருக்குள் ஆயுதம் கொண்டுவந்த குற்றத்துக்கு 25 டாலர் அபராதம், அதற்குமேல் கோர்ட்டுச் செலவு. கொல்லுவேன் என்று ஊர் முழுக்கச் சொன்னதற்குத் தனியாக எதுவும் இல்லை. கோர்ட்டு வாசலில் வயாட்டும் தன் பங்குக்கு டாம் மெக்லாரியின் தலையில் ஒன்று போட்டார்.

மதியம் பில்லி கிளாண்டனும் ஃபிராங்க் மெக்லாரியும் ஊருக்குள் வந்தார்கள். நேரே துப்பாக்கிக் கடைக்குப் போய்த் தோட்டா வாங்கினார்கள். ஃபிராங்கின் குதிரை நடைபாதையில் ஏறிக் கடைக்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. வயாட் போய் அதைக் கடிவாளம் பிடித்துத் தள்ளினார். நடைபாதை ஆக்கிரமிப்பு சட்டவிரோதமாம். ரத்த ஆறு ஓடப்போகும் ஊரில் பார்க்கிங் விதிக்குக் குறைவில்லை.

ஷெரீஃப் பீஹன் எங்கே? முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். நிஜமான, நம்மூர் அர்த்தத்துச் சலூனில். தகவல் கேட்டுப் பாதியில் எழுந்து ஓடி, ஃபிராங்கிடம் துப்பாக்கியைக் கொடுக்கச் சொன்னார். எர்ப் கோஷ்டி முதலில் கொடுக்கட்டும், பிறகு நான் தருகிறேன் என்றார் ஃபிராங்க். இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் புதிதாக ஒன்றையும் அடுத்த 140 வருஷத்தில் அமெரிக்கத் துப்பாக்கி விவாதம் கண்டுபிடிக்கவில்லை. நீ கீழே வை, பிறகு நான் வைக்கிறேன்.

அந்தப் பக்கம் வர்ஜில், சட்டத்தை அமல்படுத்தத் தம்பிகளோடு கிளம்பினார். கையில் ஒரு பெரிய ஷாட்கன் இருந்தது. ஊர் பயப்படும் என்று அதைப் பல் டாக்டரிடம் கொடுத்து, நீளக் கோட்டுக்குள் மறைத்துக்கொள்ளச் சொன்னார். பதிலுக்கு டாக்டரின் கைத்தடியை வாங்கிக்கொண்டார். ஆக, ஊருக்குள் ஆயுதம் கூடாது என்ற சட்டத்தை நிலைநாட்ட, கோட்டுக்குள் ஷாட்கன்னை ஒளித்தபடி ஒரு பல் மருத்துவர் தெருவில் நடந்து போகிறார். இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம் என்ற கௌபாய் படத்தில் சிம்புதேவன் இப்படி ஒரு காட்சி வைத்திருந்தால் ஓவர் என்றிருப்போம்.

ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவை ஒட்டிய குறுகலான காலி மனை. வர்ஜில் வலது கையில் கைத்தடியைத் தூக்கி, ஆயுதத்தைக் கொடுங்கள் என்று சத்தம் போட்டார். 30 விநாடி. ஏறக்குறைய 30 குண்டு. பில்லி கிளாண்டனும் இரண்டு மெக்லாரிகளும் செத்துப்போனார்கள். எர்ப் பக்கம் வயாட்டைத் தவிர மூவருக்கும் காயம். இத்தனைக்கும் மூலகாரணமான ஐக் கிளாண்டன், கையில் ஆயுதம் இல்லை என்று கத்திக்கொண்டு ஸ்டுடியோ வழியாக ஓடித் தப்பினார். காலையில் அபராதம் கட்டினவர் ஆயிற்றே, துப்பாக்கி இன்னும் ஹோட்டலில் டெபாசிட்டில் கிடந்தது. சட்டம் ஒருவர் உயிரையாவது காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும் என்றால், அது இந்த ஆசாமியின் உயிர்.

டாம் மெக்லாரி விஷயம் வேறு. அன்றைக்கு மதியம் அவர் ஒழுங்காகத் தன் ரிவால்வரை ஒரு சலூனில் ஒப்படைத்திருந்தார். சாகும்போது அவரிடம் வேறு துப்பாக்கி இருந்ததா, இல்லையா? அந்தப் பஞ்சாயத்து இன்றுவரை முடியவில்லை.

விசாரணை ஏறக்குறைய ஒரு மாதம் நடந்தது. அதில் எழுந்த சட்டக் கேள்விகளில் ஒன்று என்ன தெரியுமா? செத்தவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்களா? கிளம்பிக்கொண்டிருந்தால் துப்பாக்கி வைத்திருந்தது சரி. நின்றுகொண்டிருந்தால் தப்பு. குதிரை எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதுவரை வக்கீல்கள் யோசித்திருப்பார்கள். நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர், தம்பியையும் பல் டாக்டரையும் துணைக்குச் சேர்த்தது வர்ஜிலின் விவேகக் குறைவு, ஆனால் குற்றமில்லை என்று விட்டுவிட்டார். பின்னாளில் சினிமாக்காரர்கள் இதற்கு ஓ.கே. கோரல் சண்டை என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கினார்கள். சண்டை ஓ.கே. கோரலில் நடக்கவில்லை, அதன் பின்வாசலிலிருந்து சில மனைகள் தள்ளி நடந்தது. நடந்த இடத்தின் பெயர் போஸ்டருக்குச் சரிப்படவில்லை, அவ்வளவுதான்.

துப்பாக்கித் தடைச் சட்டத்தை அமல்படுத்தப் போய் நடந்த இந்தச் சண்டையைத்தான், தடையே இல்லாத பொற்காலத்தின் அடையாளமாக டி-ஷர்ட்டில் போட்டுக்கொள்கிறார்கள்.

இதற்கு முன்னால் தென் மாநிலங்களில் இன்னொரு வேடிக்கை. 1813-ல் கென்டக்கி, ஆயுதத்தை மறைத்து எடுத்துப் போவதற்குத் தடை போட்டது. வெளிப்படையாகத் தொங்கவிட்டுப் போனால் வீரன், மறைத்துப் போனால் கோழை என்பது அவர்கள் கணக்கு. பிளிஸ் என்பவர் கைத்தடிக்குள் வாளை ஒளித்து வைத்துக்கொண்டு போய் மாட்டினார். 1822-ல் மாநில உயர் நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. மாநிலம் சும்மா விடவில்லை. பிற்பாடு அரசியலமைப்பையே திருத்தித் தடைக்கு வழிசெய்தது. 1881-ல் ஆர்கன்சா இன்னும் ஒரு படி மேலே போனது. ராணுவமும் கடற்படையும் பயன்படுத்தும் ரகப் பெரிய ரிவால்வரை மட்டும் எடுத்துப் போகலாம், ஆனால் உறையில் போடாமல் கையில் பிடித்தபடி நடக்க வேண்டும் என்று சட்டம். ஒரு கையில் காய்கறிக் கூடை, மறு கையில் கோல்ட் ரிவால்வர். எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்வது எப்படி?

இவ்வளவுக்கும் மூலநூல் அமெரிக்க அரசியலமைப்புக்கு 1791-ல் வந்த இரண்டாவது திருத்தம். இங்கிலீஷில் மொத்தம் 27 சொற்கள். முதல் பாதி ஒழுங்கான குடிப்படையைப் பற்றி, இரண்டாம் பாதி மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றி. முதல் பாதி இரண்டாம் பாதியைக் கட்டுப்படுத்துகிறதா, சும்மா முன்னுரையா? போதாக்குறைக்குக் காற்புள்ளி பிரதிக்குப் பிரதி வேறு எண்ணிக்கையில் இருக்கிறது. பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் கூப்பிட்டிருந்தால் பாடபேதம் பார்த்து, கொண்டுகூட்டிப் பொருள் சொல்லி, ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்திருப்பார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008 வரை எடுத்துக்கொண்டது. அது தனிமனித உரிமைதான் என்று ஐந்துக்கு நான்கில் தீர்ப்பு.

வெர்மான்ட் மட்டும் ஆரம்பத்திலிருந்தே தனி ஆவர்த்தனம். அங்கே ரட்லண்ட் நகரம், மேயரோ போலீஸ் தலைவரோ எழுதிக் கொடுத்தால்தான் ஆயுதம் எடுத்துப் போகலாம் என்று விதி போட, 1903-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அன்றிலிருந்து அங்கே பெர்மிட் என்ற காகிதமே கிடையாது. வெளிமாநிலம் போகும் வெர்மான்ட்காரர் பாடு திண்டாட்டம். உங்கள் ஊர் பெர்மிட்டைக் காட்டுங்கள் என்றால் எதைக் காட்டுவார்?

இந்த விவாதத்தில் கட்சி மாறாதவர்கள் யாருமே இல்லை என்பதுதான் எனக்கு ஆறுதல். துப்பாக்கி உரிமையின் குலதெய்வமான தேசிய ரைஃபிள் சங்கம் 1871-ல் தொடங்கியது, குறி பார்த்துச் சுடத் தெரியாத சிப்பாய்களுக்குச் சொல்லிக் கொடுக்க. 1934-ல் அதன் தலைவர் கார்ல் ஃபிரடெரிக் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால், எல்லோரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிவதில் தனக்கு நம்பிக்கை இல்லை, லைசென்ஸ் கொடுத்துத்தான் அனுமதிக்க வேண்டும் என்று சாட்சி சொன்னார். இன்று அந்த மேடையில் யாராவது இப்படிப் பேசினால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

1967 மே 2 அன்று கறுப்பினத்தவரின் கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் 30 பேர், பாபி சீல் தலைமையில், துப்பாக்கிகளோடு கலிஃபோர்னியா சட்டசபைக்குள் நுழைந்தார்கள். அப்போதைய சட்டப்படி அது தப்பில்லை. குண்டு போட்ட துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடுவதைத் தடுக்கும் மசோதாவை எதிர்த்துத்தான் வந்தார்கள். புல்வெளியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சந்திக்க வந்திருந்த கவர்னர் ரொனால்ட் ரீகனுக்கு அன்று ஞானோதயம்: தெருவில் துப்பாக்கியோடு நடக்கக் குடிமகனுக்கு என்ன அவசியம்? மசோதா விறுவிறுவென்று சட்டமானது. ரீகன் கையெழுத்துப் போட்டார், ரைஃபிள் சங்கம் ஆதரித்தது. துப்பாக்கி உரிமையின் தீவிர எதிரியாக ஒரு வெள்ளைக்காரரை மாற்ற என்ன வழி என்று அந்த 30 பேரும் ஒரே மதியத்தில் காட்டிவிட்டார்கள்.

இங்கே கிண்டலைச் சற்று நிறுத்துகிறேன். பெர்மிட் வேண்டாம் என்பவர்களிடம் ஒரு கனமான வாதம் இருக்கிறது. 1956-ல் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வைத்தார்கள். அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல முறைப்படி பெர்மிட் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அதிகாரி மனசு வைத்தால் கிடைக்கும் என்கிற காகிதம் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பயிற்சியும் வேண்டாம், கைரேகையும் வேண்டாம் என்றால் தெருவில் நிறுத்திச் சோதிக்கிற போலீஸ்காரன் கதி என்ன என்று கேட்ட போலீஸ் அதிகாரிகளின் வாதமும் இலேசானது இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்பவரை இரண்டு பக்கமும் டீ குடிக்கக் கூப்பிடாது.

அலாஸ்கா 2003-ல் பெர்மிட்டைக் கைவிட்டது. அடுத்தது, வேறு யார், அரிசோனா. அங்கே இருந்த சிக்கல் ஒரு கோட்டுச் சிக்கல். இடுப்பில் எல்லோர் கண்ணிலும் படும்படி துப்பாக்கி மாட்டிக்கொண்டு போகப் பெர்மிட் தேவையில்லை. குளிருகிறதே என்று மேலே கோட்டைப் போட்டால் துப்பாக்கி மறைந்துவிடும், உடனே குற்றம். கோட்டு கோர்ட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். 2010 ஏப்ரலில் கவர்னர் ஜான் பிரூயர் கையெழுத்தில் இந்தத் தையற்கடைப் பிரச்சினை தீர்ந்தது. 21 வயது ஆனால் போதும், கோட்டைப் போடு. அடுத்த மாதம்தான் இங்கே இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம் வெளிவந்தது. எது எதைப் பார்த்துக் காப்பியடித்தது என்று தெரியவில்லை.

2011 ஜனவரி 8 அன்று அதே அரிசோனாவின் டூசானில் ஒருவன் ஆறு பேரைக் கொன்றான். நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் தலையில் குண்டு வாங்கிப் பிழைத்தார். பக்கத்துக் கடையிலிருந்து துப்பாக்கியோடு உதவிக்கு ஓடிவந்த ஓர் இளைஞர், கையில் துப்பாக்கியோடு நின்ற ஆளைப் பார்த்தார். நல்லவேளை, சுடவில்லை. அந்த ஆள் கொலைகாரனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கியவர். நான்கு மாதம் ஆவதற்குள் மாநிலம் கோல்ட் ரிவால்வரைத் தன் அதிகாரபூர்வத் துப்பாக்கியாக அறிவித்தது. நமக்கு மரகதப்புறா, பனைமரம், செங்காந்தள். அவர்களுக்கு அது.

பிறகு வரிசை கட்டி வந்தார்கள். 2021-ல் டென்னசி கவர்னர் பெரெட்டா துப்பாக்கித் தொழிற்சாலைக்குள்ளேயே போய்க் கையெழுத்து விழா நடத்தினார். வாடிக்கையாளர் சேவை என்றால் இதுதான். டெக்சஸ் கவர்னர் அலாமோ கோட்டையைத் தேர்ந்தெடுத்தார். 1836-ல் அந்தக் கோட்டைக்குள் போரிட்ட எல்லோரிடமும் துப்பாக்கி இருந்தது, யாரும் பெர்மிட் கேட்கவில்லை, மெக்சிகோ படை அநேகமாக ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. விழாவுக்கு இடம் பார்த்தவரை என்னவென்று சொல்வது! இதே டெக்சஸ்தான் 1871-லிருந்து 1995 வரை சாதாரண ஆள் கைத்துப்பாக்கியோடு ஊருக்குள் போவதை அநேகமாக முழுக்கத் தடுத்து வைத்திருந்த மாநிலம் என்பதை அந்த மேடையில் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், காரணம் சொன்னால்தான் பெர்மிட் என்ற நியூயார்க்கின் 1913-ஆம் வருஷத்து விதியை ரத்து செய்தது. எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். இனி எந்தத் துப்பாக்கிச் சட்டமும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றார். அவ்வளவுதான், வக்கீல்கள் எல்லோரும் கல்வெட்டு ஆய்வாளர்கள் ஆகிவிட்டார்கள். இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்ட் 1328-ல் போட்ட சட்டம் வழக்குக் கட்டில் உண்டு. 1686-ல் துப்பாக்கியோடு தேவாலயத்துக்குப் போய் மாட்டி விடுதலையான பிரிஸ்டல்காரர் சர் ஜான் நைட் உண்டு. மேற்கு எல்லைப் பிரதேசங்களின் தடைச் சட்டங்கள்? அவை கொஞ்ச காலம், கொஞ்ச ஜனத்துக்கு இருந்தவை, பெரிய எடை போட முடியாது என்று தீர்ப்பு ஒதுக்கி வைத்தது. அமெரிக்காவின் துப்பாக்கி மரபைத் தேட லண்டன் வரை போகலாம், டூம்ஸ்டோன் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

டூம்ஸ்டோனில் இப்போது வெள்ளி இல்லை, சுற்றுலா இருக்கிறது. அந்த 30 விநாடியை டிக்கெட் போட்டுத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறார்கள். 2015 அக்டோபரில் ஒரு நாள் சண்டை நாடகம் நடந்துகொண்டிருந்தது. நடிகர் ஒருவர் சுட, இன்னொரு நடிகர் விழுந்தார். கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை, அவர் விழ வேண்டியவர்தானே. நிஜத் தோட்டா. வேடிக்கை பார்த்த ஒரு பெண்ணையும் ஒரு தோட்டா உரசிப் போனது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

விசாரித்ததில் தெரியவந்தது: ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு நடிகரின் துப்பாக்கியையும் வாங்கிச் சோதித்துத் திருப்பிக் கொடுப்பது அந்தக் கோஷ்டியின் வழக்கம். அன்றைக்கு அந்த நடிகர் லேட்டாக வந்தார். அவசரத்தில் அவருடையதை மட்டும் யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.